கப்பலோடு இருக்கும்வரை செல்லும் சான்றிதழ்

மயாமி துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, பஹாமாஸின் தலைநகரான நசாவில் இறங்கிக் கடைவீதி சுற்றிவிட்டு, நான்காம் நாள் காலை மயாமிக்கே வந்து சேர ஓர் அமெரிக்கக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அரசு அலுவலகம் வழங்கிய பிறப்புச் சான்றிதழும், ஓட்டுநர் உரிமம் போலப் புகைப்படம் உள்ள ஓர் அடையாள அட்டையும் போதும். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அட்டைகூட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் சில மணி நேரம் கப்பலில் போய்வரவே பாஸ்போர்ட்டை எடுத்துவைக்க வேண்டிய நமக்கு இது நம்ப முடியாத சலுகையாகத் தெரியும். அமெரிக்கர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஆகவே, ‘பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு’ என்பது அங்கே கப்பல் பயணங்களை விற்பவர்களுக்கு நல்ல விளம்பரம். விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சலுகை எதற்குக் கொடுக்கப்பட்டது, எதற்குக் கொடுக்கப்படவில்லை என்பதை அது சொல்வதில்லை. கப்பல் திட்டமிட்டபடி போய், திட்டமிட்டபடி திரும்பி, நீங்களும் அதிலேயே இருக்கும்வரைதான் பிறப்புச் சான்றிதழ் பாஸ்போர்ட்டின் வேலையைச் செய்யும் என்பது என் வாதம்.

இந்த விதி எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் எல்லையும் தெரிந்துவிடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பு கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகளுக்குப் போய்வரும் அமெரிக்கர்களிடம் பாஸ்போர்ட் கேட்கும் வழக்கம் இல்லை. தரைவழி எல்லைச் சாவடிகளில் ‘அமெரிக்கக் குடிமகன்’ என்று வாயால் சொல்லிவிட்டே பலர் உள்ளே வந்தார்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி விடும் அந்த வழக்கம் 2008 ஜனவரி இறுதி வரை நீடித்தது. தாக்குதலுக்குப் பிறகு, 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இந்தத் தாராளத்தை முடித்துவைத்தது. 2007 ஜனவரி 23 முதல் விமானத்தில் திரும்புவோருக்கும், 2009 ஜூன் 1 முதல் தரைவழியிலும் கடல்வழியிலும் திரும்புவோருக்கும் பாஸ்போர்ட்டோ அதற்கு இணையான ஆவணமோ கட்டாயமாயிற்று. கடல்வழிக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்துவைத்தார்கள்: அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் புறப்பட்டு, இந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றி, அதே துறைமுகத்தில் வந்து முடியும் பயணம் என்றால் பிறப்புச் சான்றிதழ் செல்லும். ‘குளோஸ்டு லூப்’ என்று துறையில் இருப்பவர்கள் இதைச் சொல்வார்கள். மயாமியில் ஏறி மயாமியில் இறங்கினால் செல்லும். புளோரிடாவில் ஏறி, பனாமா கால்வாய் வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கினால் செல்லாது. கனடாவின் வான்கூவரில் ஏறினாலும் செல்லாது.

ஏன் இந்த வாசல்? பயண வணிகத்தின் நெருக்கடி ஒரு காரணம். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று நாள் உல்லாசத்துக்காக முதலில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றால் பல குடும்பங்கள் கப்பலே வேண்டாம் என்று இருந்துவிடும். ஆனால் வேறொரு நியாயமும் உண்டு. கப்பல் தன் பயணிகளைக் கிட்டத்தட்ட ஒரு மூடிய அறைக்குள் வைத்திருக்கிறது. புறப்படும் முன்பே பயணிகள் பட்டியல் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு மின்னணு வழியாகப் போய்விடுகிறது. ஏறும்போது ஒவ்வொருவரையும் படம் பிடித்து ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். வழியில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஏறினாலும் அந்த அட்டையைப் பதிவு செய்தாக வேண்டும். திரையில் படம் தெரிய, காவலர் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்து விடுகிறார். யார் வெளியே போனார், யார் இன்னும் திரும்பவில்லை என்பது கப்பலுக்கு நொடி நேரத்தில் தெரியும். மயாமிக்குத் திரும்பி வந்து நிற்பவர் மூன்று நாளைக்கு முன் அங்கிருந்து போனவர்தான் என்பதற்குக் கப்பலே சாட்சி. பிறப்புச் சான்றிதழ் அந்தச் சாட்சியத்துக்குத் துணை மட்டுமே. தனியாக நின்றால் அதற்கு அத்தனை வலு இல்லை.

இடையில் ஒரு வேடிக்கை. அமெரிக்கர் அமெரிக்காவிலேயே சுற்ற விரும்பினால்கூடக் கப்பல் அவரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடும். பெரிய சொகுசுக் கப்பல்களில் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுபவை. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. உள்நாட்டுக் கப்பல்காரர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்காவின் பனிமலைகளைக் காட்டிவிட்டுத் திரும்பும் கப்பல், கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப்பொழுது நின்றுவிட்டுப் போகிறது. கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காப் பருவமே படுத்துவிட்டது. 2021இல் தனிச் சட்டம் போட்டுத்தான் கப்பல்களை விட முடிந்தது. விக்டோரியாவில் நிற்கும் அந்தச் சில மணி நேரம்தான் ஓர் உள்நாட்டுச் சுற்றுலாவை வெளிநாட்டுப் பயணமாக்கி, ஆவணக் கேள்வியையும் கிளப்பிவிடுகிறது.

சரி, எந்தச் சான்றிதழ்? துறைமுகக் கவுண்டரில் தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பிறந்த அன்று மருத்துவமனை கொடுத்த, குழந்தையின் பிஞ்சுப் பாதத்தை மையில் ஒற்றி எடுத்த அழகான காகிதத்தைப் பலர் பிறப்புச் சான்றிதழ் என்றே நினைத்து வைத்திருக்கிறார்கள். அது நினைவுப் பொருள், செல்லாது. மாநிலமோ, கவுண்டியோ, நகரமோ தன் பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பதிவாளரின் முத்திரையோடு தந்த சான்று வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே பள்ளி, தேவாலயம், வேலையிடம் என்று எல்லாரும் மூலச் சான்றிதழையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததால் அவை களவுபோய்ப் போலிப் பாஸ்போர்ட்டுகளுக்கு மூலப்பொருளாயின. 2010 ஜூலை 1க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் எதுவுமே செல்லாது என்று அந்தத் தீவு அரசே சட்டம் போட்டது. பழைய காகிதத்தை நம்பி வந்தால் கப்பலைக் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்களின் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல: சான்றிதழில் தந்தை வீட்டுப் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் வீட்டுப் பெயர். இரண்டையும் இணைக்கத் திருமணச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். ஆவணம் போதாமல் ஏற முடியாதவருக்குக் கட்டிய பணமும் திரும்பாது. சரியான ஆவணம் கொண்டுவருவது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அமெரிக்கா திரும்ப அனுமதிப்பது ஒன்று, வழியில் உள்ள நாடு இறங்க அனுமதிப்பது வேறொன்று என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகள் பட்டியலில் இருந்தால் பாஸ்போர்ட் கேட்கப்படும்.

இதெல்லாம் கரையிலேயே தெரிந்துவிடும் சிக்கல்கள். கப்பலும் பயணியும் பிரிந்துபோகும் இடத்தில்தான் உண்மையான சோதனை. கோசுமெல்லை எடுத்துக்கொள்வோம். அந்தத் தீவு அடங்கிய மெக்சிகோ மாநிலம் 2015இல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. கோடைக்கால நேர மாற்றம் அங்கே கிடையாது. ஜூன் மாதம் மயாமியிலிருந்து போகும் கப்பல் தன் ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டால், கப்பலில் மாலை நான்கு மணி ஆகும்போது தீவில் மூன்றுதான். ‘நாலரைக்குள் வந்துவிடுங்கள்’ என்பதைத் தன் கைப்பேசி காட்டும் உள்ளூர் நேரத்தில் எண்ணிக்கொண்டு கடற்கரையில் படுத்திருப்பவர், துறைக்கு ஓடி வரும்போது கப்பல் கட்டவிழ்த்துப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: பெரும்பாலோர் கரைக்கு எடுத்துவருவது கப்பல் அட்டையும் ஓர் அடையாள அட்டையும் மட்டுமே. மற்றவை அறைப் பெட்டகத்தில் இருக்கும். ஒருவர் வந்து சேரவில்லை என்று தெரிந்தால், ஊழியர்கள் அந்தப் பெட்டகத்தைத் திறந்து பார்த்து ஆவணங்களைத் துறைமுக முகவரிடம் விட்டுச்செல்வது வழக்கம். பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஊர் போய்ச் சேரலாம். பிறப்புச் சான்றிதழ் இருந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது. விமானத்துக்கான 2007ஆம் ஆண்டு விதிக்குள் வந்து விழுந்துவிட்டார் அவர். அமெரிக்கத் துணைத்தூதரகம் இருக்கும் மெரிதா, கடலைப் படகில் கடந்து, பிறகு சாலையில் சில மணி நேரம் போக வேண்டிய ஊர். அங்கே படம் எடுத்து, விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி அவசரப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அதுவே சனிக்கிழமையானால் கஷ்டம் இரட்டிப்பு. இதே ஆள் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பலைத் தவறவிட்டிருந்தால் கவலையே இல்லை. அது அமெரிக்க மண். ‘ரியல் ஐடி’ தரத்திலான ஓட்டுநர் உரிமத்தோடு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம்.

கப்பலைத் தவறவிடுவது கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். நோயை அப்படி ஒதுக்க முடியாது. கப்பலில் மருத்துவரும் சிறு மருத்துவ அறையும் உண்டு. மாரடைப்பையும் இடுப்பெலும்பு முறிவையும் முழுதாகக் கவனிக்க அது போதாது. அடுத்த துறைமுகத்தில் நோயாளியை இறக்கிவிடுவார்கள். கூடவே துணைக்கு ஒருவர் இறங்குவார். கப்பல் மற்றவர்களோடு போய்விடும். சொகுசுக் கப்பல் பயணிகளில் வயதானவர்கள் எவ்வளவு பேர் என்பதைப் பார்த்தால், இந்த நிலைமையை அபூர்வம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கப்பலே திட்டத்தை விட்டு விலகிய ஒரு நிகழ்ச்சி பதிவில் இருக்கிறது. 2013 பிப்ரவரி 7 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்து நான்கு நாள் பயணமாக கோசுமெல் போன ‘கார்னிவல் ட்ரயம்ப்’ கப்பலில், திரும்பும் வழியில் 10ஆம் தேதி இயந்திர அறையில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உந்துவிசை போயிற்று, பெரும்பகுதி மின்சாரமும் போயிற்று. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வளைகுடாவில் மிதந்தார்கள். கழிவறைகள் வேலை செய்யாத அந்தக் கப்பலின் கதை உலகம் முழுதும் தொலைக்காட்சியில் ஓடியது. இழுவைப் படகுகளால் மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகத்துக்கு இழுத்துச் செல்வதுதான் முதலில் போட்ட திட்டம். அதற்குள் நீரோட்டம் கப்பலை வடக்கே தள்ளிவிட்டது. அலபாமாவின் மொபைல் நகரமும் ஏறக்குறைய அதே தூரம் என்றாகிவிட்டது. மொபைலைத் தேர்ந்தெடுத்ததற்கு நிறுவனம் சொன்ன காரணங்களில் நீரோட்டத்தோடு இன்னொன்றும் இருந்தது: கப்பலில் சுமார் 900 பேர் பாஸ்போர்ட் இல்லாமல் வந்திருந்தார்கள், அவர்களை மெக்சிகோவில் இறக்கி ஊருக்கு அனுப்புவது சிக்கல். 14ஆம் தேதி இரவு மொபைலில் கப்பல் கரை சேர்ந்தது. நீரோட்டம்தான் முதன்மைக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாலாயிரம் பேர் எந்தக் கரையில் இறங்குவது என்ற கணக்கில் 900 பேரிடம் இல்லாத சிறு புத்தகமும் ஒரு எண்ணாகச் சேர்ந்தது என்பதே இந்த விதியின் குணத்தைக் காட்டப் போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தன் குடிமகனை அமெரிக்கா உள்ளே விடாமல் தடுக்க முடியாது. நெருக்கடி என்றால் அதிகாரிகள் ஆவண விதியைத் தளர்த்திவிடுவார்கள். இது உண்மைதான். அதே 2013இல், மார்ச் மாதம் ‘கார்னிவல் ட்ரீம்’ கப்பல் சிந்த் மார்ட்டன் தீவில் பழுதாகி நின்றபோதும், மே மாதம் ‘கிராண்டர் ஆஃப் த சீஸ்’ தீப்பிடித்து பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் ஒதுங்கியபோதும், நிறுவனங்கள் ஏற்பாடு செய்த விமானங்களில் பயணிகள் ஊர் திரும்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து மாட்டிக்கொண்டால் நிறுவனமும் அரசும் பேசி வழிசெய்யும். நசா மருத்துவமனையில் கணவரின் கட்டில் அருகே தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக அப்படி யாரும் விமானம் அமர்த்துவதில்லை. அவர் சந்திக்க வேண்டியது விமான நிலையத்துச் செக்-இன் ஊழியரை. குடிமகனின் உரிமை பற்றிய சட்ட நுணுக்கத்தை அவரிடம் வாதாடிப் பயனில்லை. திரையில் பாஸ்போர்ட் எண் கேட்கும், எண் இல்லாவிட்டால் போர்டிங் பாஸ் வராது.

பணம் இன்னொரு மறுப்பு. பெரியவருக்குப் பாஸ்போர்ட் 165 டாலர், பதினாறு வயதுக்கு உட்பட்டவருக்கு 135 டாலர். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் 600 டாலர். மலிவுக் கட்டணத்தில் மூன்று நாள் போகிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. வாழ்வில் ஒரே ஒருமுறை கப்பல் ஏறுபவரிடம் ‘பத்து ஆண்டுக்குப் பிரித்துப் பார், ஆண்டுக்குப் பதினேழு டாலர்கூட இல்லை’ என்று கணக்குக் காட்டுவது வீண். இந்தச் சலுகையை நீக்க வேண்டும் என்று நான் சொல்லாததற்கும் இதுவே காரணம். ஆரோக்கியமான இளம் குடும்பம், நசாவுக்கு மட்டும் போய்வருகிறது, ஆபத்து இன்னதென்று தெரிந்தே போகிறது என்றால் அது அவர்கள் முடிவு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதே யோசனையைச் சொல்ல மாட்டேன். பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று பலர் 65 டாலருக்குப் பாஸ்போர்ட் அட்டையை வாங்குகிறார்கள். இது எனக்கு விளங்காத சிக்கனம். 2008இல் வந்த அந்த அட்டை தரைக்கும் கடலுக்கும் மட்டும் செல்லும், சர்வதேச விமானத்துக்குச் செல்லாது. கடலில் பிறப்புச் சான்றிதழே செய்துவிடும் வேலையைச் செய்துவிட்டு, சான்றிதழ் கைவிடும் அதே இடத்தில் அதுவும் கைவிடுகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் சான்றிதழைத் தேடி எடுக்கும் அலைச்சல் மிச்சம், அவ்வளவே.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு வேறுபாடு. பல நாடுகளின் பாஸ்போர்ட்டுகளுக்குள்ளே, இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிட்டு உதவி செய்யுங்கள் என்று தன் அரசு பிற அரசுகளைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அது குடியரசுத் தலைவர் பெயரால் வருகிறது. பிறப்புச் சான்றிதழ் வேறு நாட்டோடு பேசவே எழுதப்பட்டதல்ல. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னாருக்குப் பிறந்தார் என்ற உள்ளூர்ப் பதிவு அது. அது குடியுரிமைக்குச் சான்றாக நிற்பதும் அமெரிக்காவின் தனி ஏற்பாட்டால்தான்: அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்கிறது 1868இல் வந்த அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம். இந்தியாவில் அப்படி இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. சென்னை மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ் ஒருவரின் பிறந்த நாளை நிறுவும். அவர் இந்தியர் என்பதைத் தனியாக நிறுவாது. சென்னையிலிருந்து ‘கோர்டெலியா’ கப்பலில் விசாகப்பட்டினம் போய்வர ஆதார் போன்ற அட்டை போதும், இலங்கைக்கு என்றால் பாஸ்போர்ட் வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லாததும் அதனால்தான்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒரே அறையில் பயணம் செய்கின்றன. டெக்சாஸில் பிறந்த மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். எச்-1பி விசாவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம், அதில் விசா முத்திரையும் உயிரோடு இருக்க வேண்டும். முத்திரை காலாவதியானவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் முப்பது நாளுக்குள் திரும்பலாம் என்ற விதிவிலக்கைக் கேள்விப்பட்டு, பஹாமாஸுக்கும் அது பொருந்தும் என்று நம்பிவிடுபவர்கள் உண்டு. அருகிலுள்ள தீவுகளுக்கு அந்த விலக்கு மாணவர், பரிமாற்றப் பயணி விசாக்காரர்களுக்கு மட்டுமே. குடியுரிமை பெற்றுவிட்ட தாத்தா பாட்டிக்கோ அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் குடியுரிமைச் சான்றிதழைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மகளின் சான்றிதழைத் தாங்கி நிற்கும் தூணையும் 2025 ஜனவரியில் அசைத்துப் பார்த்தார்கள். தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்கும், குடிமகனோ கிரீன் கார்டுதாரரோ அல்லாத தந்தைக்கும் இனிப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வரவிடாமல் நிறுத்தின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி ஓர் ஆணை சட்டமாக நிலைத்துவிட்டால், பிறந்த ஊரை மட்டும் பார்த்துத் துறைமுகக் கவுண்டரில் யாரும் யாரையும் குடிமகன் என்று முடிவுகட்ட முடியாது. அமெரிக்க மாநிலங்கள் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் விசா நிலைக்கென்று ஒரு கட்டம் இல்லை.